கொம்பு அலங்காரம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வில்வித்தைக் கட்டுரையுடன் அச்சான துருக்கிய வில்லின் படத்தில் நாண் தவறான பக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது. கொம்புத் தகடு அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டது என்ற படக்குறிப்பும் சரியன்று. இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான்.

துருக்கியை ஆண்ட உதுமானியர் காலக் கூட்டு வில்லின் நடுவே இருப்பது மெல்லிய மேப்பிள் மரம். எய்பவரைப் பார்க்கும் உட்புறத்தில் எருமைக் கொம்பும், இலக்கை நோக்கும் வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாரும் பசையால் ஒட்டப்பட்டன. நாணை இழுக்கையில் உட்புறம் நெரிபடும், வெளிப்புறம் இழுபடும். நெரிப்பைத் தாங்குவதில் கொம்பும், இழுப்பைத் தாங்குவதில் தசைநாரும் மரத்தை விஞ்சுபவை என்பதால்தான், குதிரை மேலிருந்து எய்யத் தோதான குட்டை வில்லிலும் அத்தனை விசையைத் தேக்க முடிந்தது. 1798-இல் சுல்தான் மூன்றாம் சலீம் எய்த அம்பு 889 மீட்டர் சென்றதாகப் பதிவு உள்ளது. (அது தொலைவுப் போட்டிக்கான இலேசான அம்பு, போர் அம்பு அவ்வளவு போகாது.)

நாணை இறக்கியதும் இவ்வில் நண்டுக் காலைப் போல எதிர்ப்பக்கம் சுருண்டுவிடும். அச்சுருளையே வில்லின் வளைவாகக் கருதி முனைகளில் கயிறு கட்டினால் உங்கள் படம் கிடைக்கும். அப்படியே இழுத்தால் கொம்பு இழுபட்டு வில் முறிந்துபோகும். இதே கோலத்தில் ஒரு வில்லை ஓர் அருங்காட்சியகத்திலும் பார்த்திருக்கிறேன் என்பதால் உங்களை மட்டும் குறைசொல்வதற்கில்லை.

இந்த வில்லுக்கு எதிரி ஈரம். தச்சர் வீட்டில் பிறந்த நான், விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசையைக் காய்ச்சி ஒட்டிய நாற்காலிக் கால் அடைமழையில் கழன்று வந்ததைச் சிறுவயதில் கண்டவன். கூட்டு வில்லின் பசையும் அந்த இனமே. எஃகு வில்லின் வேகம் குறைவு என்று தெரிந்தும் இந்தியப் படைக்கொட்டில்களில் அது இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுரையாளர் கூட்டு வில்லை முற்றிலும் அயல்நாட்டுப் பொருளாகக் காட்டியிருப்பதும் பொருத்தமில்லை. வில் செய்யும் பொருள்களாக அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம் ஆகியவற்றோடு கொம்பையும் சொல்கிறது. மார்கழிதோறும் திருப்பாவையில் நாம் பாடும், திருமாலின் வில்லைக் குறிக்கும் ‘சார்ங்கம்’ என்ற சொல்லே, கொம்பைக் குறிக்கும் ‘சிருங்கம்’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்ததுதான்.

அடுத்த இதழில் நாணேற்றிய வில்லையும் நாண் இறக்கிய வில்லையும் அருகருகே அச்சிட்டால் வாசகர்களுக்குக் குழப்பம் இராது.

இங்ஙனம்,
தஞ்சாவூர் வாசகர் ஒருவர்