அந்தச் சொம்புப் படத்தை மறுபடி பாருங்கள்

மாவட்டப் பள்ளி ஓவியப் போட்டியின் நடுவர் குழுவுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நீங்கள் திருப்பி அனுப்பிய படங்களில் என் மாணவியின் ஸ்டில் லைஃபும் (அசையாப் பொருள்களை எதிரே வைத்துப் பார்த்து வரையும் படம்) இருந்தது. பின்பக்கம் சிவப்பு மையில் 'கருத்து இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடி மதிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படத்தில் இருப்பது நசுங்கிய பித்தளைச் சொம்பு, நாலு சின்ன வெங்காயம், மடித்துப் போட்ட துண்டு. அவ்வளவுதான். ஆனால் சொம்பு நசுங்கிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம் கோணலாக வளைவதைப் பாருங்கள். வெங்காயத்தின் நிழலில் லேசாக ஊதா கலந்திருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்தது அது. பள்ளியில் பளபளவென்று புதுச் சொம்பு இருந்தும், வீட்டில் தினமும் புழங்குவதைத்தான் கொண்டுவந்து வைத்தாள். இதற்கு மேல் என்ன கருத்து வேண்டும்?

ஸ்டில் லைஃபை மட்டமாக நினைப்பது புதிதல்ல. 1667இல் பிரெஞ்சு ஓவிய அகாடமியில் கலை எழுத்தாளர் ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தியபோது இதைக் கடைசியில்தான் வைத்தார். அதே அகாடமி 1728இல் ஸ்டில் லைஃப் ஓவியர் ஷார்டானை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் கொடுத்த படங்களில் ஒன்று, வயிறு கிழித்துக் கொக்கியில் மாட்டிய திருக்கை மீன். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் பழக்கூடைப் படத்தில் ஆப்பிளைப் புழு துளைத்திருக்கும், இலைகள் வாடியிருக்கும். டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1627இல் வரைந்த விருந்து மேசையில் பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி மிளகு வைத்திருக்கிறார். ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு அது. டச்சுக்காரர்களின் அன்றைய வியாபாரமே அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. வாசகம் எதுவும் எழுதாமலே இத்தனையும் சொல்ல முடிந்திருக்கிறது.

நம் போட்டிகளிலோ வருஷா வருஷம் இரண்டு கைகள் தாங்கும் பூமி உருண்டை, கண்ணீர் விடும் மரம், கீழே ஒரு வாசகம். பரிசு வாங்கிய படத்தை மொபைலில் பார்த்து அடுத்த வருஷம் பத்துப் பிள்ளைகள் அதையே வரைகிறார்கள். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரையும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுகிறோம். வாரத்துக்கு ஒரு ஓவிய வகுப்பு, பரீட்சை வந்தால் அதுவும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. சரி, அது உங்கள் கையில் இல்லை. மதிப்பெண் உங்கள் கையில்தான் இருக்கிறது.

படத்தை இந்த மடலோடு மறுபடி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து மறுமதிப்பீடு செய்யுங்கள். பரிசு கொடுக்காவிட்டாலும், அந்தச் சிவப்பு மை வரியை அடித்துவிட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் பற்றி அவளுக்கு நாலு வரி எழுதுங்கள். அடுத்த சுற்றறிக்கையில் ஸ்டில் லைஃபுக்குத் தனிப் பிரிவு ஒன்றும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்