பதினைந்து நாள் போதும் என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் அமெரிக்க மேற்படிப்பு குறித்து வந்த கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். விண்ணப்பக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பு மேற்படிப்புச் சேர்க்கைக்குக் கேட்கப்படும் ஜி.ஆர்.இ. என்ற தகுதித் தேர்வை எழுதினால்கூடப் போதும் என்று ஒரு வாசகருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. எட்டு முதல் பத்து நாளில் அதிகாரப்பூர்வ மதிப்பெண் வந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாளை மட்டும் எண்ணினால் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை நம்பித் தேர்வு எழுதப் போய்த் தவிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறவள் நான். விருதுநகர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதும் என் வேலைதான். அந்தப் பதில் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் முனைவர் பட்டப் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் 1 அல்லது 15-ஆம் தேதியோடு முடிகின்றன. முதுநிலைப் படிப்புகளுக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை தேதிகள் இருக்கும். பதினைந்து நாள் கணக்குப்படி போனால் தேர்வு பெரும்பாலும் நவம்பரின் பின்பாதியிலோ டிசம்பரிலோ வந்து விழும். அது வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் ஏழாம் பருவத் தேர்வு நடப்பதும் அப்போதுதான். வேலைவாய்ப்பு நேர்காணல்களும் அதற்குள் முடிந்திருக்காது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை சென்னைக்கு ரயிலேறிப் போய், முன்பின் பார்த்திராத தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

2023 டிசம்பரில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் சென்னையைத் தண்ணீரில் தள்ளியது. விமான நிலையத்தையே மூடினார்கள், ரயில்கள் ரத்தாயின. எங்கள் மாணவி ஒருத்திக்கு அந்த வாரத்தில் சென்னையில் தேர்வு. தேர்வு மையம் மூடப்பட்டதால் கூடுதல் கட்டணம் கேட்காமல் வேறு தேதி கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு தள்ளிப்போனதற்காக ஏதோ ஒரு மாநிலத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் தன் கடைசித் தேதியைத் தானாகத் தள்ளிவைக்காதே! புதிய தேதியில் எழுதி அவளுக்கு மதிப்பெண் வந்தபோது டிசம்பர் 15 கடந்துவிட்டது. அவள் மிகவும் விரும்பிய இரண்டு துறைகளுக்கும் அதுதான் கடைசி நாளாக இருந்தது.

அதே மாதம் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. ஜனவரித் தேதிகளுக்கான விண்ணப்பங்களைப் பருவத் தேர்வு விடுமுறையில் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போயிருந்த எங்கள் மாணவர்களுக்கு மின்சாரமும் இல்லை, செல்போன் தொடர்பும் இல்லை. மறு ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அதற்கு முன்பு 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டில் டிசம்பர் மழையை எதிர்பாராத இடையூறு என்று எப்படிச் சொல்வது?

மழையே பெய்யாத ஆண்டிலும் இந்தப் பதினைந்து நாள் கணக்கு தவறானது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மதிப்பெண் எதற்கு? பல்கலைக்கழகத்துக்குக் காட்டுவதற்கு மட்டும் அல்ல. எங்கே விண்ணப்பிக்கலாம், எங்கே வேண்டாம், மதிப்பெண் அனுப்புவது கட்டாயமில்லை என்று சொல்லும் துறைக்கு அதை அனுப்பலாமா, விட்டுவிடலாமா என்றெல்லாம் மாணவர் முடிவெடுப்பதற்கு அது உதவ வேண்டும். டிசம்பரில் எழுதுகிறவர் இந்த முடிவுகளை எல்லாம் மதிப்பெண் தெரியாமலேயே எடுத்து, விண்ணப்பக் கட்டணமும் கட்டிவிடுகிறார். அந்தக் கட்டணம் திரும்ப வராது. டாலரில் கட்டும் தொகையை எங்கள் ஊர்க் குடும்பங்கள் எப்படிப் புரட்டுகின்றன என்பது எனக்குத் தெரியும். நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

இன்னொரு முறை எழுதலாமே என்று கேட்கலாம். ஒரு முறை எழுதினால் 21 நாள் இடைவெளி விட்டுத்தான் மறுமுறை எழுத முடியும். தொடர்ந்த பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் எழுத முடியாது. ஐந்து முறை எழுத யாரிடம் பணம் இருக்கிறது என்பது வேறு கேள்வி; ஒரு முறைக்கே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நவம்பர் 28-ஆம் தேதி எழுதியவர் சரியாக வரவில்லை என்றால் மறுபடி எழுத டிசம்பர் 19 வரை காத்திருக்க வேண்டும். டிசம்பர் 15-க்கு விண்ணப்பிப்பவருக்கு அதனால் என்ன பயன்? ஜூலையில் எழுதியவர் ஆகஸ்டில் இன்னொரு முறை நிதானமாக எழுதலாம். இரண்டாம் முறை எழுத வாய்ப்பு உண்டு என்று தெரிந்து உட்காரும் பிள்ளையின் கை நடுங்காது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாணவர்களுக்குக் கணிதப் பகுதி பெரும்பாலும் சிக்கல் இல்லை. தடுமாற்றம் எல்லாம் ஆங்கிலப் பகுதியில்தான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தச் சொற்களும் நீண்ட பத்திகளும் மூன்று வாரத்தில் வசப்படாது. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வை 1 மணி 58 நிமிடமாகச் சுருக்கிவிட்டார்கள். நேரம் குறைந்ததால் தேர்வு எளிதாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்விகளும் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு கேள்விக்கும் எடை கூடியிருக்கிறது. ஆங்கிலம், கணிதம் இரண்டுமே இரண்டிரண்டு பிரிவுகளாக வரும்; முதல் பிரிவில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதே பாடத்தின் இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. முதல் பத்து நிமிடப் பதற்றத்துக்கு அங்கே மன்னிப்பு இல்லை.

மதிப்பெண்ணை நான்கு பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணமின்றி அனுப்பலாம் என்பது பலருக்கும் தெரியும். அந்த நான்கையும் தேர்வு நாளன்றே தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது தெரிவதில்லை. அவசரத்தில் போகிறவர்கள் பட்டியலே முடிவு செய்யாமல் போய் அதையும் இழக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே பணம்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கேள்வி-பதில் பகுதிகளில் இதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. ஒரு விண்ணப்பத்துக்குப் பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எனக்குத் தனித்தனி இணைப்பு அனுப்பும். கடிதத்தைப் பதிவேற்றுவதோடு முடியாது. இந்த மாணவர் நீங்கள் பாடம் நடத்தியவர்களில் முதல் ஐந்து சதவீதத்தில் வருவாரா, பத்தில் வருவாரா, எழுத்துத் திறன் எப்படி, தனித்து ஆராயும் திறன் எப்படி என்று கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். நேர்மையாக நிரப்ப வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணியில் அவர் சொந்தமாகச் செய்தது எது, எங்கே தோற்றார், பிறகு என்ன செய்தார் என்பதை எழுதினால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் என்னிடம் வருகிறவர்களுக்குப் பேச நேரமிருப்பதில்லை. ஒரு கையில் சொல் பட்டியல், மறு கையில் பருவத் தேர்வுக் குறிப்புகள். தன் ஆய்வு நோக்கத்தை விளக்கி எழுத வேண்டிய கட்டுரையை அப்போதுதான் தொடங்கியிருப்பார்கள். அல்லது சீனியர் ஒருவருடைய கட்டுரையை வாங்கி அதில் பெயரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். முனைவர் பட்டச் சேர்க்கையில் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைவிட இந்தக் கட்டுரையும் கடிதங்களும்தான் அதிகம் பேசும் என்பது என் உறுதியான எண்ணம். தேர்வைக் கடைசிக்குத் தள்ளுகிறவர், முக்கியமான இரண்டையும் அரைகுறையாக விட்டுவிட்டு அவ்வளவு முக்கியமில்லாத ஒன்றின் பின்னால் ஓடுகிறார்.

பாஸ்போர்ட்டையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இந்தத் தேர்வுக்கு அடையாளச் சான்றாக அசல் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள். மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் சேர்ந்து விரிந்து நிற்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். இதைச் சரிபார்க்க வேண்டிய நேரம் மே, ஜூன். நவம்பரில் இதைக் கண்டுபிடிக்கும் குடும்பம் படும் பாட்டை இங்கே விவரிக்க இடம் போதாது.

வீட்டிலிருந்தே எழுதும் வசதி 2020 முதல் இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் தனி அறை வேண்டும். தேர்வு முடியும்வரை அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. கேமராவில் அறை முழுவதையும் காட்ட வேண்டும். கணக்குப் போடச் சாதாரணக் காகிதம் வைத்துக்கொள்ள முடியாது, அழித்து எழுதும் சிறு பலகையிலோ கண்ணாடி போன்ற உறைக்குள் வைத்த தாளின் மேலோதான் போட வேண்டும். இரண்டு அறை வீட்டில், மழைக்காலத்து மின்வெட்டில், இதை நம்பி எப்படி உட்காருவது? கல்லூரிகள் ஒரு சிறிய அறையை இன்வெர்ட்டரோடு ஒதுக்கித் தந்தால் அது வேறு கதை. எங்கள் நிர்வாகத்திடம் அதைக் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

ஆகவே மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் சொல்வது: ஆறாம் பருவத் தேர்வு முடிந்த கோடையில் படியுங்கள், ஜூலை அல்லது ஆகஸ்டில் எழுதிவிடுங்கள். முன்கூட்டி எழுதினால் வீணாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண்களுக்குத்தான் ஈராண்டுக் கெடு. அதற்கும் முன்பாக, நீங்கள் விரும்பும் துறை ஜி.ஆர்.இ. கேட்கிறதா என்று அந்தத் துறையின் பக்கத்திலேயே பாருங்கள். 2020-க்குப் பிறகு பல துறைகள் அதைக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. சில துறைகள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கேட்காது.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். கடைசித் தேதிக்குள் அதிகாரப்பூர்வ மதிப்பெண் வந்து சேர வேண்டுமா, தேர்வு எழுதியிருந்தாலே போதுமா என்பதில் துறைக்குத் துறை வழக்கம் மாறுகிறது. முதல் பரிசீலனைக்கு மாணவரே குறிப்பிடும் மதிப்பெண்ணை ஏற்கும் இடங்களும் உண்டு. சேர்க்கை அலுவலகத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதில் எழுதுவார்கள். கடைசி நாள் நள்ளிரவு 11.59 என்று போட்டிருந்தால் அது எந்த ஊர் நேரம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் 11.59 நமக்கு மறுநாள் காலை 10.29.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தேர்வு பற்றிய ஆலோசனைகள் ஏடுகளில் அக்டோபர், நவம்பரில்தான் வருகின்றன. அவற்றை மே மாதத்திலேயே வெளியிடுங்கள். சென்னை மாணவர்களை மட்டும் மனத்தில் வைக்காமல் சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் இருந்து ரயிலேறி வரும் பிள்ளைகளையும் நினைத்து எழுதச் சொல்லுங்கள். பதினைந்து நாள் என்ற அந்தப் பதிலுக்குத் திருத்தம் வெளியிட்டால், இந்த ஆண்டு என்னிடம் கடிதம் கேட்டு வரவிருக்கும் மாணவர்களுக்கு அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.