பெடல் வாங்கிய பிள்ளைக்கு

அன்புள்ள கார்த்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மறுபடியும் காலையில் கடற்கரைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், முழங்காலால் தள்ளுவதற்கு நெம்புகோல்கள் வேறு. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கிறாய் என்று அப்பாவுக்குச் சிரிப்பு. கன்ட்ரி சங்கீதத்தின் ஊரான நாஷ்வில்லில் இருந்துகொண்டு பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்காமல் இருந்தால்தான் அதிசயம். நன்றாக வாசி. ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, "இனிமேல் ஸ்டீலைச் சாய்க்கிற அவஸ்தை இல்லை" என்று, கம்பிமேல் வைத்து நகர்த்துகிற அந்த இரும்புத் துண்டைக் கோணலாகத் திருப்புவதை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

அந்த அவஸ்தை எனக்கும் சின்ன வயதில் தெரியாது. நான் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவள். அங்கே அப்போது பெண் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார்கள், இல்லையென்றால் மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிக்கிற ஹவாயன் கிட்டார். நான் கற்றுக்கொண்டது ஒற்றைக் கம்பி வாசிப்பு. ரவீந்திர சங்கீதத்தை முதல் கம்பியில் இழுத்து இழுத்து வாசிப்போம். நம் கோட்டுவாத்தியத்திலும் கட்டை கம்பிகளுக்குக் குறுக்கே நேராகத்தான் போகும். மெட்டு தனியாக நடக்கிற சங்கீதத்தில் சாய்ப்பதற்கு வேலையே இல்லை. கல்யாணமாகி ஹவாயில் இந்த ஹொனலூலுவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், இங்கே மெட்டு தனியாக நடப்பதில்லை. இரண்டு சுரம் எப்போதும் ஜோடியாகப் போகும். அதுதான் சிக்கலின் ஆரம்பம்.

உனக்குத் தெரிந்த சங்கராபரணத்திலேயே சொல்கிறேன். பெடல் இல்லாத ஆறு கம்பி ஸ்டீல் கிட்டாரில் சி6 ட்யூனிங் வை: முதல் கம்பியிலிருந்து இ, சி, ஏ, ஜி, இ, சி. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் கம்பி க, நான்காம் கம்பி அதற்குக் கீழே உள்ள ப. நடு இரண்டு கம்பிகளைத் தொடாமல் இந்த இரண்டை மட்டும் சேர்த்து மீட்டு. திறந்த கம்பியில் ப-க. அடுத்த ஜோடி த-ம. இங்கேதான் மாட்டிக்கொள்வாய்: த நான்காம் கம்பியில் 2-ஆம் ஃப்ரெட் கோட்டில், ம முதல் கம்பியில் 1-ஆம் ஃப்ரெட் கோட்டில். கையில் இருப்பதோ ஒரே ஒரு இரும்புத் துண்டு, அது வளையாது. சாய்த்தால்தான் உண்டு. அடுத்த நி-ப ஜோடிக்கும் அதே கதை, 4-ம் 3-ம். அப்புறம் ச-த இரண்டும் 5-இல், ரி-நி இரண்டும் 7-இல், நேராகவே கிடைக்கும். க-ச வரும்போது மறுபடி சாய்வு, 9-ம் 8-ம். ம-ரி 10-இல் நேர், ப-க 12-இல் நேர். ஒரு சின்ன ஏணி ஏறுவதற்குள் கை மூன்று தடவை கோணம் மாற வேண்டும், அந்தக் கோணமும் ஒவ்வொரு இடத்திலும் வேறு.

ஏன் வேறு என்றால், ஃப்ரெட் கோடுகள் மேலே போகப்போக நெருங்கிவிடும். என் பழைய ஸ்டீல் கிட்டாரில் கம்பியின் நீளம் சுமார் 57 சென்டிமீட்டர். முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 3 சென்டிமீட்டர் இருக்கும். 8-க்கும் 9-க்கும் நடுவே 2 தான். முதல் கம்பியிலிருந்து நான்காவதுக்கும் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர். அப்படியானால் கீழே 45 பாகை சாய்க்க வேண்டிய கை, மேலே 35 பாகைக்கும் குறைவாகச் சாய்க்க வேண்டும். இதை யாரும் அளந்து வாசிப்பதில்லை, காதுதான் கோணமானி.

இந்த மூன்றும் பின்சாய்வு, அதாவது ஸ்டீலின் மூக்கு, முன்முனை, பிருடைகள் பக்கம் திரும்புவது. முன்சாய்வு சுலபம். இடது முழங்கை இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஸ்டீல் தானாகவே கம்பிகளின் மறுமுனையில் உள்ள பிரிட்ஜ் பக்கம் திரும்பத்தான் பார்க்கும். பின்சாய்வுக்கு மணிக்கட்டை முறுக்கினால் வலிதான் மிச்சம். ஸ்டீலை விரல்களுக்குள்ளேயே திருப்ப வேண்டும்: கட்டைவிரல் அதன் பின்முனையைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளும், நடுவிரல் மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும், ஆள்காட்டி விரல் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். பின்னால் கம்பியைத் தடவிக்கொண்டு வருகிற மோதிர விரலும் சுண்டுவிரலும் எழும்பிவிடக் கூடாது. எழும்பினால் ஸ்டீலுக்குப் பின்னால் மிச்சக் கம்பி முனகும். விப்ராட்டோ கொடுக்கும்போதும், அதாவது ஸ்டீலை லேசாக அசைத்துச் சுரத்தை நடுங்க வைக்கும்போதும், கோணம் மாறாமல் மொத்த ஸ்டீலும் அசைய வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் ஸ்டீல் நேராக இருக்கும்போது அழகாக அசைப்பார்கள், சாய்த்தவுடன் மூக்கு மட்டும் ஆடும்.

மூன்று கம்பியைச் சாய்வில் பிடித்தால் எல்லாச் சுரமும் சுத்தமாக விழாத இடங்கள் நிறைய உண்டு. நேர்கோடு நேர்கோடுதான். எதைச் சரியாக வைப்பது, எதை விப்ராட்டோவில் கரைத்துவிடுவது என்று வாசிப்பவர்தான் முடிவு செய்கிறார். கொஞ்சம் ஏமாற்று வேலைதான். எனக்குப் பிடித்த ஏமாற்று.

பெடலில் இதெல்லாம் சுத்தமாக வருமே என்பாய். வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ பெடலை மிதிக்கும்போது ஒரு கம்பி அசையாமல் நிற்க இன்னொன்றின் சுருதி ஏறுகிறது. சாய்வில் இரண்டுமே நகர்கின்றன, ஒரே நேரத்தில், வேறு வேறு தூரம். ப-க-விலிருந்து த-ம-வுக்குப் போகும்போது கீழ்ச்சுரம் இரண்டு ஃப்ரெட் ஏறுகிறது, மேல்ச்சுரம் ஒன்று. போய்ச் சேருகிற இடம் இரண்டு கருவியிலும் ஒன்றுதான், போகிற வழி வேறு. 1920-களில் ஹவாய் ஸ்டீல் கலைஞர் சோல் ஹோஒபிஈ வாசித்த பதிவுகளைக் கேட்டுப் பார். அந்த வழியில்தான் அவர் குடியிருந்தார்.

உன் ஊரிலேயே இதற்காக முரண்டு பிடித்த ஒருவர் இருந்தார். ஜெர்ரி பேர்ட், ஒஹாயோ மாநிலத்தில் 1920-இல் பிறந்தவர். கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்கெல்லாம் ஸ்டீல் வாசித்த கை. 1954-இல் இன்னொரு கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துச் சுரத்தை வளைத்தது பிரபலமாகி, ஊரே பெடலுக்கு மாறியது. பேர்ட் மாறவில்லை. வேலை குறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹொனலூலுவுக்கே குடிவந்துவிட்டார். வந்து பார்த்தால் இங்கேயும் நிலைமை அப்படியொன்றும் நன்றாக இல்லை. ஹவாய்க்காரர்கள் தங்கள் மொழியையும் ஹூலா நடனத்தையும் மீட்டெடுக்கத் தொடங்கிய காலம் அது. இளைஞர்கள் கம்பிகளைத் தளர்த்தி விரலால் மீட்டுகிற ஸ்லாக் கீ கிட்டார் பக்கம் போனார்கள், ஸ்டீலைச் சுற்றுலா ஹோட்டல் சத்தமாகப் பார்த்தவர்கள் பலர். வெளியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் தீவின் வாத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற ஆலன் அகாகா இன்று எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுக்கிறார். பேர்ட் 2005-இல் காலமானார்.

வெள்ளைக்காரர் காப்பாற்றினார் என்று மட்டும் கதை சொல்லிவிடாதே, எனக்குக் கோபம் வரும். இந்த ஓஅஹு தீவின் லாயியே ஊரில் 1874-இல் பிறந்த ஜோசப் கெகூகு பள்ளிப் பையனாக இருக்கும்போதே கண்டுபிடித்த வழி இது, இரும்பால் கம்பியைத் தேய்த்து வாசிப்பது. ரயில் பாதையில் கிடைத்த ஒரு போல்ட்டால் கம்பியைத் தேய்த்துப் பார்த்தார் என்பார்கள். இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர்தான் முதலில் வாசித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. அதைக் கேட்டால் உன் தாத்தா சந்தோஷப்பட்டிருப்பார், ஆனால் என் ஓட்டு கெகூகுவுக்குத்தான். அதே லாயியேயில் வளர்ந்த ஸ்டீல் கலைஞர் டவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் இருந்தார். வங்காளத்தில் இந்தக் கிட்டார் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. லேக் மார்க்கெட்டில் நான் பிடித்த கட்டையும் இந்தத் தீவிலிருந்து சுற்றிக்கொண்டு வந்ததுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாய்வு காணாமல் போகாமல் இருக்க இசைத்தட்டுகள் போதாது. காதில் விழுவது விளைவு மட்டும். ஃப்ரெட் எண்களை எழுதிக்காட்டும் டாப்லேச்சர் குறிப்பில் 2, 1 என்று ஒன்றின்மேல் ஒன்று எழுதியிருக்கும், கட்டைவிரல் எங்கே போனது என்று எழுதியிருக்காது. வைமானலோ ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். பின்சாய்வு எப்படி என்று கேட்டேன். "கை போகும்" என்றார், அவ்வளவுதான். அனுமதி கேட்டு போனை அவர் கைக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடுத்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், ஸ்டீல் நகர்வதற்கு முன்பே அவர் கட்டைவிரல் பின்முனையின் குழிவுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கண் முன்னால் பார்த்தபோது எனக்கு அது தெரியவே இல்லை. இங்கே சிலர் சேர்ந்து இப்படி மேலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்து வருகிறோம். அவற்றில் சிலவற்றை உனக்கு அனுப்புகிறேன்.

பெடலை விற்றுவிடு என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் கால் இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டு வாசி. என் ஆறு கம்பி கிட்டாரையும் குட்டையான ஸ்டீல் துண்டு ஒன்றையும் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். உன்னுடைய பெரிய உருளை ஸ்டீல் சாய்வுக்கு கனம் அதிகம், அதில் முயலாதே. கம்பிகளைத் தளர்த்தித்தான் அனுப்புவேன். வந்ததும் சி6-க்கு ஏற்று, முதல் கம்பி அறுந்தால் உறைக்குள் இரண்டு உபரி இருக்கும். மேலே சொன்ன ப-க ஏணியை விப்ராட்டோ இல்லாமல், மெதுவாக, 12 வரை ஏறி இறங்கி எனக்குப் பதிவு செய்து அனுப்பு. முகம் தெரிய வேண்டாம், கை தெரிந்தால் போதும், கேமரா மேலே இருக்கட்டும். 1-ஆம் ஃப்ரெட்டில் அபஸ்வரமாகத்தான் இருக்கும், அழிக்காமல் அனுப்பு. எங்கே இடறுகிறது என்று அதில்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா