இப்போதைக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் பி.ஆர். கிடைத்துவிட்டது, நிரந்தரவாசி ஆகிவிட்டேன் என்றாய். சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே, வெளியூர் போய்த் திரும்பி வருவதற்கான பெர்மிட்டை மட்டும் 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும்ப்பா என்றாய். தவணை வைத்த நிரந்தரம்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நம் வீட்டிலும் இந்தக் கூத்துதான். ஊறுகாய் ஜாடியில் அம்மா பர்மனென்ட் மார்க்கரால் எழுதிய 'மாவடு' ரெண்டே கழுவலில் போய்விட்டது. ஆனால் கொல்லைக் குழாய் ஒழுகுகிறதென்று, கிளம்புவதற்கு முதல் நாள் நீ பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினாயே, "இப்போதைக்கு இது போதும்ப்பா" என்று, அது அப்படியே இருக்கிறது. ரப்பர் வெளிறி, முடிச்சில் பாசி பிடித்திருக்கிறது. ஒரு சொட்டு கசியவில்லை. நீ போனது 2016 மகாமகம் முடிந்த கையோடு. "கொஞ்ச நாள்தான்" என்றும் அப்போது சொன்னாய். அதை நான் கிளறவில்லை.

உன் அப்பாயி "செத்த நாழி இரு, வந்துட்டேன்" என்று பக்கத்து வீட்டுக்குப் போனால் இங்கே உலை வற்றிவிடும். நாழிகை என்றால் 24 நிமிஷம், நாளொன்றுக்கு 60. அப்பாயியின் நாழிக்குக் கணக்கே கிடையாது.

அம்மா வேறு ரகம். "அவளைப் பார்த்து மாமாங்கம் ஆச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறாள். மகாமகக் குளத்துக்கு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு கும்பகோணத்துக்காரி இப்படிச் சொல்லலாமா? மாமாங்கம் என்றால் 12 வருஷம், பாப்பா வந்துபோய் ரெண்டரைதான் ஆகிறது என்று கணக்குச் சொன்னேன். அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அடுத்த மாமாங்கம் 2028இல் வருகிறது. அதற்கு முன்னாலேயே ஒரு நடை வந்துவிட்டுப் போ. சீக்கிரம் வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே, தேதியைச் சொல்.

அப்புறம், அந்தக் குழாயை மாற்றச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். நாளைக்கு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா