உலைத் தூசியைப் புதைக்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய இரும்பை உருக்கி எஃகு ஆக்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் உருக்கிய பிறகு மிஞ்சும் கழிவைப் 'பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மின்சார வில்லின் வெப்பத்தில் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையில் ஒரு டன் எஃகு உருக்கினால் சுமார் 15 முதல் 20 கிலோ தூசி புகையோடு கிளம்பும். வடிகட்டிப் பைகளில் மாவு மாதிரி படியும் அந்தப் பழுப்புத் தூசியில் துத்தநாகம் ஏராளம். பெரும்பாலும் அது ஜிஐ தகடுகளின், அதாவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளின், பூச்சிலிருந்து வருவதுதான். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஃகு உருகுவதற்கோ 1,500 டிகிரி வேண்டும். அதனால் பூச்சு முழுக்க ஆவியாகிப் புகையோடு போய், ஆக்ஸைடாகத் தூசியில் சேர்கிறது. பூச்சுத் தகடு அதிகம் போடும் உலைகளில் தூசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே துத்தநாகம் இருக்கும். சுரங்கத்தில் வெட்டும் தாதுவில் பெரும்பாலும் இவ்வளவு இருப்பதில்லை!

கூடவே ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்களும் தூசியில் இருக்கின்றன. புதைத்த இடத்தில் மழைநீர் இறங்கினால் அவை நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

தூசியிலிருந்து துத்தநாகத்தை மீட்க வழி தெரியாமல் இல்லை. தூசியோடு கரித்தூளைச் சேர்த்துச் சுழலும் நீண்ட உலையில் சூடாக்கினால் துத்தநாகம் மறுபடி ஆவியாகும். அதைப் பிடித்துத் துத்தநாக ஆலைக்கு அனுப்பலாம். வேல்ஸ் உலை என்கிற இந்த முறை பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சிறு ஆலை தனியாக இதை நடத்தினால் கட்டுப்படியாகாது, சரி. பல ஆலைகளின் தூசியை ஓரிடத்தில் சேர்த்தால் கட்டுப்படியாகும்.

பெரிய தடை, கழிவுகளைக் கலப்பதுதான். தூசி, கசடு, உடைந்த உலைச் செங்கல், தரை கூட்டிய குப்பை எல்லாம் ஒரே லாரியில் ஏறினால், அப்புறம் மீட்பு ஆலைக்காரர் யாரும் அதைத் தொடமாட்டார். அலுமினியம் உருக்கும் ஆலைகளிலும் இதே கதைதான்: அங்கே மிஞ்சும் கசடைத் தனியாக, ஈரம் படாமல் வைக்க வேண்டும். உள்ளே இன்னும் உலோகம் இருக்கிறது. நனைந்தால் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் கிளம்பி, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு கழிவையும் பிறக்கும் இடத்திலேயே பிரித்து வைப்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். புதைப்பதற்கான கட்டணம் மீட்புச் செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதை வலியுறுத்தி ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்