ரெண்டேகால் மணி நேரம்னு போட்டீங்க, வேலூர்ல இருந்து கணக்கு வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை – கொல்கத்தா ஃப்ளைட் தூரம் சுமார் 1,380 கிலோமீட்டர், நேரம் ரெண்டேகால் மணின்னு நம்ம பேப்பர்ல வந்திருந்துச்சு. தப்புன்னு சொல்லல. ஆனா அது மீனம்பாக்கத்துக்கும், கொல்கத்தா ஏர்போர்ட் இருக்குற டம்டம்முக்கும் நடுவுல வானத்துல போட்ட நேர்கோடு. நான் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துல டிராவல்ஸ் வெச்சிருக்கேன், வங்காளம், ஜார்க்கண்ட்ல இருந்து வர்ற பேஷன்ட்டுங்க ஊருக்குத் திரும்புறப்ப மொபைல்ல இந்த நேரத்தைக் காட்டி "சாயங்காலம் 7 மணி ஃப்ளைட், 4 மணிக்கு வண்டி அனுப்புங்க"ன்னு கேக்குறாங்க, கேட்டாலே பதறுது.

முதல்ல அந்த ரெண்டேகால் மணியே முழுசா பறக்குற நேரம் இல்ல. மேல போயிட்டா மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம், அப்படிப் பாத்தா ஒண்ணேமுக்கால் மணி நேரத்துல போயிடணும். கேட்டுல இருந்து நகர்ந்து ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, மேல ஏறுறது, எறங்குறதுக்கு முன்னாடி வேகம் கொறைக்கிறது எல்லாம் சேத்துதான் டைம்டேபிள்ல போடுறாங்க. அதுக்கு முன்னாடி எங்களுக்கு வேலூர்ல இருந்து 130 கிலோமீட்டர் ரோடு இருக்கு. வாலாஜாபேட்டை தாண்டினா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரோடு அகலப்படுத்துற வேலை வருஷக்கணக்கா இழுக்குது, எங்க டைவர்ஷன்னு போனாத்தான் தெரியும். பூந்தமல்லி டிராஃபிக் தனி. செக்-இன் கவுண்டரை பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. வீல்சேர் வேணும்னா இன்னும் சீக்கிரம் போகணும். அதனால 7 மணி ஃப்ளைட்டுக்கு மதியம் 2 மணிக்கே கெளப்பி விடுறேன். ஆபரேஷன் தையல் காயாதவங்க, இடுப்புக்கு தலகாணி குடுத்து, எக்ஸ்ரே கவரை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டு போறாங்க, டம்டம்ல எறங்கி வீடு போய்ச் சேர நடுராத்திரி ஆயிடுது.

பெங்களூரு பக்கம்னு நெனைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், ஏர்போர்ட் தேவனஹள்ளில, ஊருக்கு வடக்க இருக்கு. ஒசூர் வழியா சிட்டிக்குள்ள போய் மாட்டிக்காதீங்க, சித்தூர், பலமநேர், கோலார், ஹொஸ்கோட்டே வழியா போங்க. தூரத்துல பாத்தா ரேணிகுண்டால இருக்குற திருப்பதி ஏர்போர்ட் இதைவிட கிட்ட, ஆனா ஃப்ளைட் கொஞ்சம்தான்.

எங்க அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டை, சின்ன ஊருங்களுக்கு ஃப்ளைட் விடுற மத்திய அரசோட உடான் திட்டத்துல சேத்தாங்க, ஆனா ரன்வே சின்னது, கொல்கத்தா போற பெரிய ஃப்ளைட் அங்க எறங்க முடியாது. ரன்வேயை நீட்டுறதைப் பத்தி நீங்க தொடர்ந்து எழுதணும், சென்னைக்கு ஒரு சின்ன ஃப்ளைட் விட்டா பேஷன்ட்டுக்குப் பெரிய உபயோகம் இல்ல.

அதுவரைக்கும், வேலூர் பதிப்புல ஃப்ளைட் நேரம் போடுறப்ப கவுண்டர் மூடுற நேரத்தையும் இங்க இருந்து எப்ப கெளம்பணும்ங்கிறதையும் சேத்துப் போடுங்க, ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்