வெள்ளை போர்டு பைக்கில் காசு கொடுத்து ஏறியவருக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். பைக் டாக்ஸியைத் தடை செய்யுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேர அதைவிட்டால் கட்டுப்படியாகும் வழி இல்லாதவர்கள் நிறையப் பேர். ஓட்டுகிற பையன்களுக்கும் அதுதான் சோறு போடுகிறது. பின்னால் உட்காருபவருக்கு அடிபட்டால் எந்த இன்சூரன்ஸ் பணம் தரும் என்பது, அவர் ஏறும் முன்பே அவருக்குத் தெரிய வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

கால் டாக்ஸியில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை. அது வாடகைக்கென்றே பதிவான மஞ்சள் போர்டு வண்டி; பயணிக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டியிருப்பார்கள். டிரைவருக்கு வாடகை வண்டி ஓட்டும் பேட்ஜ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் முன்பெல்லாம் தகராறு செய்யும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட காருக்கு சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொன்ன பிறகு அந்த வாதத்துக்கும் வேலை இல்லை.

சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளை போர்டு பைக்கில்தான் வில்லங்கம். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த பாலிசி பின்னால் உட்காருபவரைக் காப்பாற்றாது. திலக் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. சரி, ஃபுல் கவர் இருந்தால்? பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வண்டியில் வருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லிவிட்டு, அவர்கள் வாடகைக்கு ஏற்றப்பட்டவர்களாக இருக்கக் கூடாது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனை வைத்திருப்பார்கள். ஆக, நண்பனை ஓசியில் ஏற்றிப்போய் விழுந்தால் பணம் வரும். காசு கொடுத்து ஏறியவர் விழுந்தால் கம்பெனி கையை விரிக்கும். அதே பைக் ரோட்டில் நடந்து போகிறவரை இடித்தால், முதலில் அவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயங்கள் கம்பெனிக்கு உத்தரவிடுவது உண்டு. காசு கொடுத்தவரின் நிலைமைதான் எல்லோரையும்விட மோசம்.

எதிரே வந்த லாரியோ காரோ இடித்திருந்தால் கவலை குறைவு. அந்த வண்டியின் இன்சூரன்ஸ் மேலேயே மனு போடலாம். இரண்டு வண்டி மேலும் தப்பு இருந்தாலும், அடிபட்ட பயணி யாராவது ஒருவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். பைக் தானே சறுக்கினால், மாடு குறுக்கே வந்தால், மழைத் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தால் என்ன செய்வது? சென்னையில் நவம்பர் மாதத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது கற்பனை இல்லை.

இங்கேதான் பொய் நுழைகிறது. அடிபட்ட பயணியிடம் ஆஸ்பத்திரியில் வைத்தே ரைடர் கெஞ்சுவார்: "அக்கா, ஃப்ரெண்டு லிஃப்ட் கொடுத்தார்னு சொல்லிடுங்க, இல்லன்னா இன்சூரன்ஸ் வராது." ஆஸ்பத்திரி எழுதும் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். காப்பி) அப்படியே பதிவாகும், எஃப்.ஐ.ஆரிலும் அப்படியே வரும். அப்புறம் கம்பெனியின் விசாரணை ஆள் பணம் கட்டிய ரசீதைத் தோண்டி எடுப்பார். குறுக்கு விசாரணையில் பயணியான அந்த அம்மா பொய் சொன்னவராக நிற்பார். அவர் சொல்லும் உண்மைகளும் சேர்ந்து அடிபடும். ரைடர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கிற ஏற்பாட்டை அவர் செய்யவில்லை.

ஆப் கம்பெனிகளைக் கேட்டால் "நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே" என்பார்கள். மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பயணிக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீடு இருக்க வேண்டும் என்கின்றன. வெள்ளை போர்டு பைக்கை ஆப் மூலம் ஓட்ட அனுமதிப்பதையும் மாநிலங்களிடமே விட்டிருக்கின்றன. அதாவது, நிபந்தனை போடும் அதிகாரம் நம் அரசின் கையில் இருக்கிறது. அனுமதி கொடுப்பதானால், வாடகைப் பயணியையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசி உள்ள பைக்குக்கு மட்டும் கொடுங்கள். அந்த 5 லட்சத்தின் பாலிசி எண், கம்பெனி பெயர், கிளெய்முக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் ரைடர் பெயருக்குக் கீழேயே ஆப்பில் தெரியட்டும். விதிமுறைகளின் நாற்பதாவது பக்கத்தில் புதைந்து கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆப்பை கட் பண்ணிவிட்டு "நேரா காசு கொடுங்க" என்று ரைடர் கேட்டால், அந்தக் காப்பீடும் போய்விடும் என்பதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

அடிபட்டவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது; பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். டிரிப் விவரத்தையும் பணம் கட்டியதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பலத்த காயம் என்றால், யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் கேட்கலாம்; உயிரிழப்பு என்றால் 5 லட்சம். தப்பை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டு 166-ஆம் பிரிவில் போடும் மனுவுக்கு 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஐயா, யாரையும் கேட்காமல் உங்கள் அலுவலகமே செய்யக்கூடிய ஒன்று. விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது உங்கள் மோட்டார் வாகன ஆய்வாளர்தான். பிரேக் சரியாக இருந்ததா என்று எழுதும் அந்தத் தாளிலேயே, வண்டி வாடகை ஓட்டத்தில் இருந்ததா, எந்த ஆப், என்ன டிரிப் எண் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல்